விசிறி இறக்கையில் நினைவஞ்சலி

கேள்வி: அமெரிக்காவில் பர்மிங்காம் சர்ச் ஒன்றில் 1963-இல் குண்டு வெடித்ததை, ஆண்டுதோறும் செப்டம்பர் 15 அன்று மணியடித்து, இறந்தவர்கள் பெயரை வாசித்து ஆராதனையாகவே நினைவுகூர்கிறார்களாமே? ஆராதனைக்குள் அரசியல் எதற்கு? வெளியே ஒரு கல்வெட்டு வைத்தால் போதாதா?
– ஒரு வாசகர், நாசரேத்

பதில்: கல்வெட்டா? நம்மூர் சர்ச்சுகளில் சுவரெல்லாம் தீர்ந்துபோய் மின்விசிறிக்கு ஏறிவிட்டோம், நீங்கள் இன்னும் கல்வெட்டிலேயே இருக்கிறீர்கள். இறக்கையில் 'இன்னாரின் அன்பு நினைவாக' என்று சிவப்பு பெயின்டில் எழுதியிருப்பார்கள். விசிறி சுற்றுகிறவரை ஓர் எழுத்தும் தெரியாது, கரண்ட் போனால்தான் தாத்தாவை நினைவுகூர முடியும். இன்வெர்ட்டர் வந்தபிறகு அதற்கும் வழியில்லை. இதை முன்பே இங்கே எழுதப்போய் ஒரு குடும்பம் சந்தாவை நிறுத்திவிட்டது. நிறுத்தட்டும். இறக்கைக்கு ஒரு தலைமுறை என்று மூன்று தலைமுறையை மேலே ஏற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள்.

சரி, பர்மிங்காம். ஆராதனைக்குள் அரசியலைக் கொண்டுவந்தது யார் ஐயா? கறுப்பின மக்களின் அந்தப் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் கூடித்தான் 1963 மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் கிளம்பினார்கள், வெளியே தீயணைப்புக் குழாயும் போலீஸ் நாயும் காத்திருந்தன. செப்டம்பரில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலின் ஆட்கள் படிக்கட்டுக்கு அடியில் டைனமைட்டை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 10.22. சண்டே ஸ்கூலில் அன்றைய பாடம் 'மன்னிக்கும் அன்பு'. கீழ்த்தளத்துப் பெண்கள் அறையில் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த அடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் 14 வயது, டெனிஸ் மெக்நேருக்கு 11. குண்டே சர்ச்சுக்குள் வந்திருக்கிறது, அந்தப் பெயர்களை மட்டும் வாசலில் நிறுத்தச் சொல்கிறீர்கள். இப்போதும் அதே 10.22-க்குத்தான் மணி அடிக்கிறார்கள்.

அங்கேயும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. வேல்ஸ் நாட்டில் ஒரு பத்திரிகை ஆசிரியர் (எங்களில் சிலர் எப்போதாவது உருப்படியாகவும் ஏதாவது செய்வோம்) உடைந்த ஜன்னலுக்குப் பதில் ஒன்று செய்து தர வாசகர்களிடம் வசூல் செய்தார். ஒரே நிபந்தனை, யாரும் அரை கிரவுனுக்கு (அந்நாளைய பிரிட்டிஷ் சில்லறைக் காசு ஒன்று) மேல் தரக்கூடாது. பணக்காரர் எவராவது மொத்தத்தையும் கொடுத்துவிட்டுப் பெயரைப் போட்டுக்கொள்வாரே, அதற்காக! கைகளை விரித்து நிற்கும் கறுப்பு இயேசுவைத் தீட்டிய வண்ணக் கண்ணாடி ஜன்னல், 1965-இல் வந்து சேர்ந்தது. கொடுத்தவர் பெயர் என்று அடியில் 'வேல்ஸ் மக்கள் தந்தது' என்று மட்டும் இருக்கிறது. நம்மூராக இருந்தால் அந்த அரை கிரவுன்காரர்கள் அத்தனை பேரையும் இயேசுவின் அங்கியிலேயே எழுதியிருப்போம்.

வழக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குண்டு வைத்தவர்களில் முதல் ஆள் சாம்ப்ளிஸ் தண்டனை பெற்றது 1977-இல். 14 வருடம்! வழக்கைத் தூசி தட்டியவர், பர்மிங்காம் இருக்கும் அலபாமா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) பில் பாக்ஸ்லி. க்ளான் தலைவர் ஒருவர் அவரை ஏசிக் கடிதம் போட்டபோது, அரசாங்க லெட்டர்ஹெட்டில் ஒரே வரியில் பதில் அனுப்பினார். உடம்பின் பின்புறத்தில் ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே முத்தமிடு என்று. கேள்வி-பதில் எழுதிப் பிழைப்பவனுக்கு அதைப் படித்தால் வயிறு எரியாதா? எனக்கு உங்களுக்கே இத்தனை பத்தி தேவைப்பட்டிருக்கிறது.