குளிர்காலத்தில் ஒரு தேதி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மதுரையைச் சேர்ந்த நான் சில ஆண்டுகளாக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். வயது 43. ஜூன் மாதத்தில் லண்டனிலிருந்து பிரைட்டன்வரை சைக்கிள் ஓட்டினேன். அதற்காக மார்ச் தொடங்கி விடாமல் பயிற்சி செய்தேன். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியதோடு எல்லாம் நின்றுபோயிற்று. அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போதே இருட்டிவிடுகிறது. வீட்டுக்குள், சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் டர்போ ட்ரெய்னரில் ஓட்டிப் பார்த்தேன், சீக்கிரமே சலித்துவிட்டது. அடுத்த ஜூலையில் ஒரு நிகழ்வுக்குப் பணம் கட்டியிருந்தும், அது என்னை இன்று சைக்கிளில் ஏற வைக்கவில்லை. போதாததற்கு, பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிறேன். இந்தக் குளிரில் பந்தயங்களோ கூட்டு ஓட்டங்களோ நடக்கின்றனவா? என்னைப் போன்ற வேகம் குறைந்தவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

லீட்ஸ் வாசகர் (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நடக்கின்றன, உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் தள்ளியிருக்கும் ஒரு நிகழ்வு நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எவரையும் போர்வைக்குள்ளிருந்து எழுப்புவதில்லை. அதை உங்கள் மனவுறுதியின் குறை என்று எடுத்துக்கொண்டு வருந்தாதீர்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று நான்கு வாரத்துக்குள் வருகிற ஒரு தேதி, அன்று உங்களை எதிர்பார்த்து நிற்கிற சிலர், அவ்வளவுதான். அந்தத் தேதியும் கோடை நிகழ்வின் மெலிந்த நகலாக இல்லாமல், குளிர்காலத்துக்கென்றே தோன்றிய ஒன்றாக இருந்தால் ஆர்வம் தானாக வரும். தொழில்முறை வீரர்களே பருவம் முடிந்ததும் சில வாரங்கள் சைக்கிளைத் தொடாமல் இருக்கிறார்கள். ஆகையால் இதுவரை ஓட்டாமல் விட்ட நாட்களை ஓய்வு என்றே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் சொல்ல விரும்புவது சைக்ளோகிராஸ், அதாவது புல்லிலும் சேற்றிலும் ஓட்டும் பந்தயம். சாலைப் பந்தயம் இல்லாத மாதங்களில் உடலைத் தளரவிடாமல் வைத்திருக்க பிரான்சில் உருவான பந்தயம் இது. அங்கே 1902ஆம் ஆண்டிலேயே தேசியப் போட்டி நடந்திருக்கிறது. 1910இல் டூர் டி பிரான்ஸ் சாலைப் பந்தயத்தை வென்ற ஒக்தாவ் லபீஸ் தம் வெற்றிக்குக் குளிர்காலத்து சைக்ளோகிராஸ்தான் காரணம் என்று சொன்னதற்குப் பிறகு இது பரவலாயிற்று. இங்கே செப்டம்பரிலிருந்து ஜனவரிவரை ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ நடக்கும். யார்க்‌ஷயரில் இதற்குப் பழைய, வலுவான மரபு இருக்கிறது. 2022இல் சைக்ளோகிராஸ் உலகப் பட்டம் வென்ற டாம் பிட்காக் உங்கள் லீட்ஸில் பிறந்தவர்.

வேகம் குறைந்தவர்களுக்கு இது எவ்வளவு உகந்தது என்பதை ஒருமுறை நேரில் பார்த்தால்தான் விளங்கும். மூன்று கிலோமீட்டர் அளவுள்ள ஒரு சுற்று, அதைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். உங்கள் வயதுப் பிரிவில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓட்டம். முதலில் வருபவர் முடிவுக் கோட்டைத் தாண்டியபின், மற்றவர்கள் அடுத்து எப்போது கோட்டைத் தொடுகிறார்களோ அப்போது அவர்களுக்கும் பந்தயம் முடிந்துவிடும். ஆகவே கடைசி ஆள் வெறிச்சோடிய சாலையில் தனியாக வந்துசேரும் அவலம் இதில் கிடையாது. உங்களுக்கு முன்னும் பின்னும் எப்போதும் யாராவது இருப்பார்கள், உங்களுடைய உண்மையான போட்டி முப்பதாவது இடத்துக்கா நாற்பதாவது இடத்துக்கா என்று பக்கத்தில் மூச்சிரைப்பவரோடுதான். முழங்கால் உயரத்துக்கும் குறைவான பலகைகளை வழியில் குறுக்கே நட்டிருப்பார்கள். அவற்றுக்குச் சற்று முன்பே வலது காலைப் பின்புறமாகச் சுழற்றி இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, ஓடியபடியே மீண்டும் ஏற வேண்டும். மழை பெய்த மறுநாள் என்றால் புல்லும் சேறும் சேர்ந்து டயருக்கும் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் இடையே அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாமல் நின்றுபோக, விரலால் அதை வழித்தெறிந்துவிட்டு ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். தனியாக ஒரு சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. மலை சைக்கிள் இருந்தால் உள்ளூர் லீக்குகளில் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். பிரிட்டிஷ் சைக்ளிங் அமைப்பின் இணையத்தில் உள்ள நாட்காட்டியில் சைக்ளோகிராஸ் என்று தேடினால் வரும் வாரங்களின் பட்டியல் கிடைக்கும்.

இரண்டாவது, ஆடாக்ஸ். இது பந்தயம் அன்று. குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தை யாருடைய உதவி வண்டியும் இல்லாமல் முடிக்க வேண்டும், முதலிடம், இரண்டாமிடம் என்று எவருக்கும் தரப்படுவதில்லை. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300 கி.மீ.க்கு 20 மணி நேரம் என்பது பாரிஸிலுள்ள ஆடாக்ஸ் மன்றம் வகுத்த கணக்கு. புறப்படும்போது மடித்த அட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். வழியில் ஒரு தேநீர்க் கடையில் அதில் முத்திரை வாங்க வேண்டும். இன்னோரிடத்தில் கடை ரசீதே சான்றாகிவிடும். ஆளில்லாத கிராமத்து முச்சந்தியில், அங்குள்ள கைகாட்டிப் பலகையில் அடுத்த ஊர் எத்தனை மைல் என்று எழுதியிருக்கிறது என்பது போன்ற ஒரு கேள்விக்கு விடையெழுத வேண்டும். நனைந்த கையுறையைக் கழற்றி, விறைத்த விரல்களால் பென்சிலைப் பிடித்து அந்த எண்ணை எழுதுவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

1976இல் தொடங்கிய ஆடாக்ஸ் யூகே, தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள், மாதம் ஒரு 200 கி.மீ. ஓட்டமாவது முடிப்பவர்களுக்கு ஒரு விருது வைத்திருக்கிறது. எந்த மாதத்திலும் தொடங்கலாம். குளிர்காலத்துச் சோம்பலுக்கு இதைவிட நல்ல மருந்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. டிசம்பரை விட்டுவிட்டால் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்ற நினைப்பே ஆளை வெளியே தள்ளிவிடும். ஆயினும் இதை நீங்கள் உடனே தொடங்க வேண்டாம். டிசம்பர் கடைசியில் லீட்ஸில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ ஏழரை மணி நேரம்தான், 200 கி.மீ. ஓட்டினால் ஏறக்குறைய பாதி நேரம் இருட்டில் கழியும். அதே அமைப்பின் நாட்காட்டியில் 100 கி.மீ. ஓட்டங்களும் இருக்கின்றன. காலையில் புறப்பட்டு, அந்தியில் திரும்பிவிடலாம். உறுப்பினர் அல்லாதவர்களும் சிறு தொகை கூடுதலாகக் கட்டிச் சேரலாம். மார்ச் மாதத்தில் முதல் 200ஐ வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மாதக் கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். செங்குத்து ஏற்றங்களில் ஒருவர்பின் ஒருவராக நேரத்தோடு போட்டியிடும் ஹில் கிளைம்ப் பருவம் செப்டம்பர், அக்டோபரோடு முடிந்துவிட்டது. கெண்ட் பகுதியில் ஒரு மன்றம் 1887இல் தொடங்கிய ஹில் கிளைம்ப் இன்றும் நடக்கிறது என்பதிலிருந்தே இந்நாட்டில் இலையுதிர்காலத்துக்கு என்ன மதிப்பு என்று தெரியும். அடுத்த ஆண்டு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டரில் 250 மீட்டர் உள்ளரங்கத் தடம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வாடகைச் சைக்கிளோடு தொடக்கநிலை வகுப்பு நடத்துகிறார்கள், அங்கே மழையும் இருட்டும் ஒரு பொருட்டல்ல. பிப்ரவரியில் சாலை மன்றங்கள் பல, பருவத்துக்கு முன் தங்கள் உறுப்பினர்களைத் தயார்ப்படுத்துவதற்காக, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ரிலையபிலிட்டி ட்ரையல் என்னும் ஓட்டங்களை நடத்துகின்றன. வேகத்துக்கேற்பக் குழுக்களாகப் பிரிப்பதால் உங்களுக்கும் ஒரு குழு இருக்கும். டர்போவையும் மூலையில் போட்டுவிடாதீர்கள். தனியே மிதித்தால் யாருக்கும் சலிக்கும். வாரத்தில் ஒருநாள் மாலை, வீட்டிலிருந்தே இணையம்வழி மற்றவர்களோடு ஓட்டும் ஸ்விஃப்ட் செயலியில் உங்கள் தரத்துக்கான பந்தயமொன்றில் பெயர் கொடுத்துவிட்டு அமருங்கள். அரை மணி நேரம் போனதே தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட எளியது ஒரு மன்றத்தின் ஞாயிறு ஓட்டம். இப்போது சைக்ளிங் யூகே என்று வழங்கும் அமைப்பு 1878இல் தொடங்கியது உங்கள் பக்கத்து ஊரான ஹாரோகேட்டில்தான். அதன் உள்ளூர்க் குழுக்கள் குளிர்காலத்திலும் நிற்பதில்லை. பின்சக்கரத்துக்கு நீண்ட மட்கார்டு பூட்டிக்கொண்டு போங்கள். பின்னால் வருபவர் முகத்தில் சேறடிக்காதவரை இங்கே எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரவில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கியிருந்தால், பணம் கட்டியிருந்தாலும், நண்பர்கள் காத்திருந்தாலும், காலையில் கிராமச் சாலைகளுக்குப் போக வேண்டாம். மரநிழலில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் பனிக்கட்டியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பொங்கல் விடுமுறையைக் கெடுதலாக நினைக்கிறீர்கள். எனக்கு அது இந்தக் குளிர்காலத்திலேயே சிறந்த வாய்ப்பாகத் தோன்றுகிறது. நமக்கு ஜனவரிதான் சைக்கிள் ஓட்டத் தோதான மாதம். ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் அமைப்பின்கீழ் நம் ஊர் மன்றங்கள் நடத்தும் 200 கி.மீ. ஓட்டத்துக்கும் அதே 13 மணி 30 நிமிடம்தான், முடிவுகளைச் சரிபார்ப்பதும் அதே பாரிஸ் மன்றம்தான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் 1,200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்குத் தகுதி பெற ஓட்டுகிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களோடு அதிகாலையில் சேர்ந்து புறப்படலாம். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அவர்களுடைய நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் மதுரையில் இருக்கும் மூன்று வாரத்துக்குள் ஏதேனும் ஓட்டம் விழுந்தால் இப்போதே பெயர் கொடுத்துவிட்டு, அதற்கு முந்தைய பயிற்சியாக டிசம்பரில் இங்கே ஒரு 100 கி.மீ. ஓட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.