மூன்றை இன்றே நிறுத்துங்கள், நாலாவதில் கைவைக்காதீர்கள்

கேள்வி: டொக்ரர், அம்மாவுக்கு 64 வயது. பத்து வருடமாகச் சலரோகமும் பிரசரும். கிளினிக்கில் மெற்போமின் 500 காலையும் இரவும், கிளிக்கிளசைட் 80 காலையில், எனலாப்ரில் 10, இரவில் அற்றோவஸ்ரற்றின் 20 தருகிறார்கள். இவற்றோடு நாலு மாதமாக வேறு நாலு சாமான் எடுக்கிறா. விடிய வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பச்சைப் பாவற்காய்ச் சாறு. கனடாவில் இருந்து அண்ணா பார்சலில் அனுப்பிய, மஞ்சளில் செய்த கப்சூல் நாளுக்கு இரண்டு. விடாத வறட்டு இருமலுக்கு அதிமதுரம் அவித்த குடிநீர். முழங்கால் நோவுக்கு ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மூலிகைக் குளிசை, காலை ஒன்று, இரவு ஒன்று. அந்தக் குளிசை தொடங்கி இரண்டாம் நாளே நோ போய்விட்டது. இப்போது முகம் உப்பியிருக்கு, நல்ல பசி, கையில் பட்ட இடமெல்லாம் கண்டல். வெறும் வயிற்றுச் சீனி 120இல் நின்றது, இப்போது 210. பிரசர் 160/95. சீனி கூடினதால் பாவற்காய்ச் சாற்றை இரண்டு நேரமாக்கிவிட்டா. காமரங்காய்ச் சாறும் நல்லது என்று பக்கத்து வீட்டு அன்ரி சொல்கிறா. கிளினிக்கில் ஒன்றும் சொல்லவில்லை, ஏசுவார்கள் என்ற பயம். எல்லாம் இயற்கை மருந்துதானே, அப்படியிருந்தும் பயமாக இருக்கு. எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்திவிடட்டா?
(ஒரு வாசகி, சுன்னாகம்)

பதில்: பாவற்காய்ச் சாறு, மஞ்சள் கப்சூல், அதிமதுரம் மூன்றையும் இன்றைக்கே நிறுத்துங்கள். முழங்கால் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நாளைக் காலையே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

நீங்கள் எழுதிய அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தால், அந்தக் குளிசையில் ஸ்ரெரோயிட் கலந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். தேய்ந்த முழங்காலின் நோவை இரண்டு நாளில் துடைத்தெடுக்கும் வேர் எதுவும் எனக்குத் தெரியாது. டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரோயிட்டுகள் இரண்டும் அதைச் செய்யும். உப்பிய முகம், அடங்காத பசி, கண்டல், ஏறிய சீனி, ஏறிய பிரசர் எல்லாம் அவற்றின் கைவரிசைதான். பல தயாரிப்புகளில் டைக்குளோபெனக் என்ற நோ மருந்தும் சேர்ந்திருக்கும். 'ஆர்ட்றி கிங்' என்ற பெயரில் மூட்டு நோவுக்கு விற்கப்பட்ட 'இயற்கை' மாத்திரையில் டெக்ஸாமெதசோனும் டைக்குளோபெனக்கும் இருந்ததைக் கண்டுபிடித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022இல் எச்சரித்தது. மேலட்டையில் இரண்டின் பெயரும் இல்லை.

அப்படியென்றால் ஏன் உடனே நிறுத்தக் கூடாது? சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தாற்போல அதிரீனல் என்றொரு சுரப்பி இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய ஸ்ரெரோயிட்டை, அதாவது கோட்டிசோலை, நாளாந்தம் சுரப்பது அதுதான். வெளியில் இருந்து மூன்று கிழமைக்கு மேல் ஸ்ரெரோயிட் போய்க்கொண்டிருந்தால் அது வேலையைக் குறைத்துவிடும். உங்கள் அம்மாவுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. திடீரென்று குளிசையை நிறுத்தினால் வெளியில் இருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. சத்தி, எழும்பி நின்றால் தலைச்சுற்று, பிரசர் இறக்கம், சீனி இறக்கம், மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இடையில் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் இன்னும் மோசம், அந்த நேரத்தில்தான் உடம்புக்குக் கோட்டிசோல் கூடுதலாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் இப்படிச் செய்வார்கள்: அந்தக் குளிசைக்குப் பதிலாக அளவு தெரிந்த பிரெட்னிசொலோனைக் கொடுத்து, கிழமைக் கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். பிறகு காலை 8, 9 மணிக்கு இரத்தம் எடுத்துக் கோட்டிசோல் பார்த்து, சுரப்பி விழித்துவிட்டதா என்று அறிவார்கள். அதுவரை, அதாவது நாளைக் காலை வரை, வழமையான அளவையே கொடுங்கள், கூட்டவும் வேண்டாம். கறுப்பாகத் தார்போல மலம் போனாலோ சத்தியில் இரத்தம் வந்தாலோ வயிற்றில் இரத்தம் கசிகிறது என்று அர்த்தம், விடியும்வரை இருக்க வேண்டாம், இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள். போகும் இடத்தில் வாய் திறந்ததும் சொல்ல வேண்டிய வசனம்: "நாலு மாதமாக ஸ்ரெரோயிட் கலந்தது என்று சந்தேகிக்கும் குளிசை எடுக்கிறா." அந்த ஒரு வசனம் தெரிந்தால், தேவைப்படும்போது கோட்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகோட்டிசோன் ஊசியை உடனே போட முடியும்.

வீட்டில் கரைத்துப் பார்த்து, நுரை பார்த்து ஸ்ரெரோயிட்டைக் கண்டுபிடிக்கும் வழி கிடையாது. வட்ஸ்அப்பில் வருபவற்றை நம்பாதீர்கள். மிச்சக் குளிசைகளை எறியாமல் பையோடு கொண்டுபோங்கள்.

இனிச் சீனிக் கதை. கிளிக்கிளசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் குளிசை. பாவற்காய்ச் சாறும் சீனியை இறக்கக்கூடியது, ஆனால் எவ்வளவு இறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காய் முற்றலா பிஞ்சா, எத்தனை காய், தண்ணீர் எவ்வளவு என்று நாளுக்கு நாள் அளவு மாறும். இப்போது ஸ்ரெரோயிட் சீனியை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால் இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை வெளியே தெரியவில்லை. ஸ்ரெரோயிட்டைக் குறைக்கத் தொடங்கியதும் அந்தப் பிடி விடும். அப்போது இரண்டு நேரச் சாறும் முழு அளவுக் கிளிக்கிளசைட்டும் இருந்தால் சீனி விடியப்புறத்தில் 50க்குக் கீழே போய்விடலாம். அதனால்தான் சாற்றை முதலில் நிறுத்தச் சொன்னேன். கிளிக்கிளசைட்டின் அளவையும் குறைக்க வேண்டிவரும். அதை டொக்ரர் தீர்மானிக்கட்டும், நீங்கள் குளுக்கோமீற்றரில் காலையும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பார்த்து எழுதிவையுங்கள்.

வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பேச்சுக் குழறினால் சீனி பாருங்கள். 70க்குக் கீழே என்றால் அரைக் கோப்பை தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டிருக்க விட வேண்டாம், நேரம் போய்விடும். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு சோறோ பாணோ சாப்பிட வேண்டும். கிளிக்கிளசைட்டின் வேகம் பல மணி நேரம் நிற்பதால் சீனி மறுபடி இறங்கலாம், ஆளைத் தனியே விட்டுப் போகாதீர்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

பாவற்காய்க் கறியை நான் தடுக்கவில்லை. தாராளமாகச் சாப்பிடட்டும்.

காமரங்காய்ச் சாறு ஒருபோதும் வேண்டாம். ஒக்சலேற் நிறைந்த காய் அது. வெறும் வயிற்றில் சாறாகக் குடித்தால் ஒக்சலேற் பளிங்குகள் சிறுநீரகக் குழாய்களில் படிந்து, நல்ல சிறுநீரகமே சில நாட்களில் செயலிழக்கலாம். சலரோகத்துக்கு நல்லதென்று நம்பிக் குடித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்குக் கரம்பொக்சின் என்ற இன்னொரு நஞ்சும் சேர்ந்து மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி, பிறகு தடுமாற்றம், வலிப்பு. கொழுப்புக் குறையும் என்று விளிம்பிக்காய்ச் சாறு குடித்த ஆட்களுக்கும் கேரளாவில் இதே ஒக்சலேற் பாதிப்பு வந்தது. ஊறுகாயில் ஒரு துண்டு தொட்டுக்கொள்வதையும் ஒரு தம்ளர் சாற்றையும் ஒரே கணக்கில் எடுக்க முடியாது.

அதே கணக்குத்தான் மஞ்சளுக்கும். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள் ஏறக்குறைய 3 கிராம். அதில் குர்க்குமின் என்ற மஞ்சளின் முக்கியக் கூறு நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது 90 மில்லிகிராம் அளவு. ஒரு சட்டி கறிக்கு அரைத் தேக்கரண்டி போட்டு ஐந்து பேர் சாப்பிடுகிறோம். அண்ணா அனுப்பிய போத்தலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 500 மில்லிகிராம், 95 வீதம் குர்க்குமின் என்று இருந்தால், நாளுக்கு இரண்டு கப்சூல் என்பது ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி மஞ்சளை விழுங்குவதற்குச் சமம். அதோடு 'கறுப்பு மிளகுச் சாறு' அல்லது 'பைபரின்' என்றும் எழுதியிருக்கலாம். குர்க்குமின் இயல்பில் குடலில் அதிகம் உறிஞ்சப்படாது, பைபரின் அதைப் பலமடங்கு உள்ளே தள்ளும். வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றக்கூடும். கொழுப்புக்கு அற்றோவஸ்ரற்றின் எடுப்பவரின் ஈரலுக்கு இது வேண்டாத சுமை. இத்தாலியில் 2018, 2019இல் குர்க்குமின் மாத்திரைகளால் ஈரல் அழற்சி வந்த பலரைக் கண்டு எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கினார்கள். அவுஸ்திரேலியாவும் 2023இல் எச்சரித்தது. குறிப்பிட்ட ஒரு பரம்பரை அலகு உள்ளவர்களுக்கே கூடுதலாக வருகிறது, அது தனக்கு இருக்கிறதா என்று விழுங்குபவருக்குத் தெரியாது. சலம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால், கண் மஞ்சளித்தால், உடம்பு கடித்தால், சாப்பாட்டைக் கண்டதும் ஓங்காளித்தால் ஈரலைச் சந்தேகியுங்கள். கப்சூலை விட்டால் பெரும்பாலானோருக்கு சில மாதங்களில் ஈரல் தேறிவிடும்.

அதிமதுரத்தை ஒருவரும் சந்தேகிப்பதில்லை, இருமலுக்கு ஊரெல்லாம் குடிப்பதுதானே. ஆனால் அம்மாவுக்கு இருமல் எங்கிருந்து வந்தது? எனலாப்ரில் வகைப் பிரசர் குளிசை எடுப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு விடாத வறட்டு இருமல் வரும். சளி இருக்காது, தொண்டையில் அரிப்புத்தான். அந்த இருமலுக்கு அதிமதுரம் குடித்தால் அதிலுள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் கோட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கும். மிஞ்சும் கோட்டிசோலால் உப்பும் நீரும் உடம்பில் தேங்கும், பொட்டாசியம் சலத்தோடு போகும், பிரசர் ஏறும். பிரசர் ஏறினால் கிளினிக்கில் எனலாப்ரிலைக் கூட்டுவார்கள், இருமலும் தொடரும், வீட்டில் அதிமதுரமும் கூடும். இந்த வட்டத்தை வெட்ட வேண்டிய இடம் எனலாப்ரில். அதற்குப் பதிலாக லொசாட்டன் என்ற வேறு பிரசர் குளிசை தரமுடியுமா என்று கேளுங்கள், அதில் இருமல் அரிது. மாற்றினாலும் இருமல் அடங்கச் சில கிழமை எடுக்கும், பொறுத்திருங்கள். கிளிசிரைசின் நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய எல்லை. ஒரு தேக்கரண்டி அதிமதுரப் பொடியே அதைத் தொட்டுவிடக்கூடும். நிறுத்திய பின்னும் அதன் வேகம் இரண்டு கிழமை வரை நிற்கும், ஆகவே பிரசர் மறுநாளே இறங்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

நாளைக்குக் கேட்டு எடுக்க வேண்டிய பரிசோதனைகள்: சிறுநீரகத்துக்குச் சீரம் கிரியற்றினின், சோடியம், பொட்டாசியம், ஈரலுக்கு எஸ்.ஜி.பி.ரி., வெறும் வயிற்றுச் சீனி, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. டைக்குளோபெனக் கலந்திருந்தால் எனலாப்ரிலோடு சேர்ந்து சிறுநீரகத்தை நெருக்கியிருக்கும். கிரியற்றினின் ஏறியிருந்தால் மெற்போமினின் அளவையும் மாற்றவேண்டி வரலாம்.

ஏசுவார்கள் என்ற பயத்துக்கு வருவோம். மூலிகை என்ற சொல்லைக் கேட்டதும் கொப்பியை மூடுகிற டொக்ரர்மார் இருக்கிறார்கள், சனம் மறைப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு. ஏசினால் ஏசட்டும். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாலு பெயரையும், எப்போது தொடங்கினது, ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதையும் எழுதி, போத்தல்களை ஒரு பையில் போட்டு மேசையில் வையுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் பை பேசும்.

சித்த மருத்துவமே கூடாது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, யாழ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற, பதிவுபெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். முழங்காலுக்கு அங்கே எண்ணெயும் ஒற்றடமும் செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளுக்கு எடுக்கும் மருந்து தந்தால் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், இங்கிலீஷ் மருந்துகளின் பட்டியலை அவருக்கும் காட்டுங்கள். உலோகங்களைப் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் என்றால் எந்த உலோகம், எத்தனை நாள் என்று கேளுங்கள். பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் ஏறினால் வயிற்றுக் குத்தும் மலச்சிக்கலும் இரத்தச்சோகையும் சேர்ந்து வரும், காரணம் தெரியாமல் ஸ்கான் மேல் ஸ்கான் எடுப்பார்கள். பெயரும் திகதியும் பதிவிலக்கமும் இல்லாமல் பொலித்தீன் பையில் வீட்டு வாசலுக்கு வரும் குளிசை எந்த வைத்தியத்தையும் சேர்ந்ததல்ல.

அண்ணாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த பார்சலில் அமுக்கரா கப்சூல், தலைமயிருக்குப் பயோற்றின் என்ற விற்றமின் என்று வந்தால் திறக்க முதல் கேளுங்கள். அமுக்கராச் செறிவுச் சாறு ஈரலைத் தாக்கியிருக்கிறது, தைரொயிட் ஹோமோனையும் ஏற்றும். கூடிய அளவுப் பயோற்றின் தைரொயிட் ரெஸ்றையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ரொபோனினையும் பிழையாகக் காட்டக்கூடும். நெஞ்சு நோவோடு போனவரின் ரொபோனின் குறைவாக வந்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட இடமுண்டு.

முழங்கால் நோ, ஸ்ரெரோயிட்டைக் குறைக்கும்போது திரும்ப வரும். அம்மா அந்தக் குளிசையைக் கேட்டு அழுவா, கொண்டுவந்து தந்தவரும் வாசலில் நிற்பார். அதற்கு முன்னரே ஈரல் ரெஸ்ற் நல்லதென்றால் பரசிற்றமோல் 500 இரண்டு குளிசை, நாளுக்கு மூன்று தரம் வரை, சுடுதண்ணீர் ஒற்றடம், கதிரையில் இருந்தபடி காலை நீட்டிப் பத்து எண்ணி மடக்கும் பயிற்சி காலுக்குப் பத்துத் தரம் காலை மாலை என்று தொடங்கிவிடுங்கள். குந்தும் கழிவறையில் ஒரு கொமோட் கதிரை வையுங்கள். எடை கொஞ்சம் குறைந்தாலே முழங்காலில் வித்தியாசம் தெரியும், ஸ்ரெரோயிட்டால் கூடின பசி அடங்கும்போது அதற்கும் வழி பிறக்கும்.