வாய்க்கால் கரை வழி

கேள்வி: எனக்கு 48 வயது. திருக்காட்டுப்பள்ளி பக்கம் கிராமம். ஆறு வருடமாகத் தவக்காலம் முழுக்க ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு, இருக்கிறேன். அந்த நாட்களில் வீட்டில் கவிச்சி அடுப்பேறாது. பூண்டி மாதா கோயிலுக்கு நடந்தே போகிறேன், வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையை விட்டதில்லை. அப்பா இறந்து ஆறு வருடம். ஐந்து மா நிலத்தில் அண்ணன் எனக்குப் பங்கு தராததால் பேச்சில்லை. கோயிலுக்குக்கூட அவர் வீட்டுத் தெரு வழியாகப் போகாமல் வாய்க்கால் கரையில் சுற்றித்தான் போவேன். கால்மணி நேரம் கூடுதல், அதையும் தவமாக ஒப்புக்கொடுத்துவிடுகிறேன். அம்மா அண்ணனோடு இருக்கிறார். 78 வயதிலும் ஒருசந்தி விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். இவ்வளவு செய்தும் மனம் வறண்டு கிடக்கிறது. தவக்காலத்தின் ஆன்மிகப் பொருளைச் சொல்லுங்கள்.

பதில்: ஒருசந்தி, நடைப்பயணம், சிலுவைப்பாதை எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த வாய்க்கால் கரையை விட்டு நகரவில்லை. பெற்றவள் இருக்கிற வாசலைத் தவிர்க்கக் கால்மணி நேரம் கூடுதலாக நடக்கிறீர்கள். அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கவும் செய்கிறீர்கள். எந்த முகத்தோடு, மகளே?

புனித வெள்ளியோடு சேர்த்துத் தவக்காலத்தில் ஏழு வெள்ளி. ஆறு வருடத்தில் 42 தடவை சிலுவைப்பாதையின் நான்காம் நிலையில் முழங்காலிட்டிருக்கிறீர்கள். அது என்ன நிலை? சிலுவை சுமந்து போகிறவர் வழியில் தன் தாயைச் சந்திக்கிற நிலை. தோள் கிழிந்து போகிறவர் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மலை ஏறினார். தாயைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வந்த கால்களோடு நீங்கள் அங்கே மண்டியிடுகிறீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். ஒருசந்தி தொடங்கியதும் ஆறு வருடம், பேச்சு நின்றதும் ஆறு வருடம். எழுதும்போதே உறைக்கவில்லையா?

இது போன்ற கடிதங்கள் ஒவ்வொரு தவக்காலத்திலும் வருகின்றன. நோன்பு கூடக்கூட வீட்டுக் கதவு இறுகிக்கொண்டே போகும் கதைதான். மாற்கு நற்செய்தி 7-ம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கைகழுவுகிறவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். அம்மாவுக்குச் சேரவேண்டிய உங்கள் கால்மணி நேரத்தை நீங்களும் கொர்பான் ஆக்கிவிட்டீர்கள்.

பொருள் கேட்டீர்கள். நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான புனித சனி வரை 46 நாள், அதில் ஆறு ஞாயிறு கழித்தால் நாற்பது. ஆண்டவர் பாலைவனத்தில் நோன்பிருந்த நாற்பது. செபம், நோன்பு, தருமம் மூன்றும் சேர்ந்தால்தான் தவக்காலம். ஆனால் இவையெல்லாம் எதற்கு என்பதைச் சாம்பல் பூசியதற்கு மூன்றாம் நாள், முதல் வெள்ளிப் பூசையிலேயே வாசித்துவிடுகிறார்கள், எசாயா 58. பசித்தவனோடு உணவைப் பகிர்வது, வீடற்றவனுக்கு இடம் தருவது, ஆடையில்லாதவனுக்கு உடுத்தக் கொடுப்பது, கடைசியாகச் சொந்த இரத்தத்துக்கு முகத்தை மறைக்காமல் இருப்பது. இதுதான் நான் விரும்பும் நோன்பு என்கிறார் கடவுள். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் எந்த வழியாகக் கோயிலுக்கு வந்தீர்கள்?

வறட்சி என்கிறீர்கள். ஜனவரி 28-ல் மேட்டூரை அடைக்கிற வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். தவக்காலம் வரும்போது ஆற்றில் மணல்தான் இருக்கும், சம்பா அறுத்த தாளுக்குள் உளுந்து காய்த்திருக்கும். தண்ணீர் நின்றபிறகுதான் வாய்க்காலில் எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே காட்டாமணக்கு அடைத்திருக்கிறது என்று தெரியும். ஜூனில் தண்ணீர் வருமுன் தூர்வாருவார்கள். உங்கள் வறட்சியும் ஓர் அடைப்பைக் காட்டத்தான் வந்திருக்கிறது. அது உணவில் இல்லை.

நிலத்தை விட்டுக்கொடுங்கள் என்று சொல்லமாட்டேன். பங்கு கேட்பது பாவமில்லை. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவர்களில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்குதான். வக்கீலைப் பாருங்கள், தாராளமாக. ஆனால் அதே சட்டம் மூன்றில் ஒரு பங்கை முதலில் விதவைக்குக் கொடுக்கிறது, மீதியைத்தான் பிள்ளைகளுக்குப் பிரிக்கிறது. அண்ணன் தரவில்லை, எனக்கு வரவில்லை என்று எழுதினீர்களே, அம்மாவின் பங்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை உண்டா? நெற்றியில் சாம்பல் வைக்கும்போது ‘மண்ணாய் இருக்கிறாய்’ என்று சாமியார் சொல்வது காதில் விழுகிறதுதானே?

‘கேள்விப்பட்டேன்’ என்ற சொல்தான் எனக்கு ஆறவில்லை. ஒரே ஊரில் இருக்கிற தாய் சாப்பிட்டாளா இல்லையா என்று மகள் அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்வதா? திருச்சபை ஒருசந்தியைக் கடமையாக்கியிருப்பதே திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் ஆகிய இரண்டு நாளுக்குத்தான். அதுவும் 18 வயதிலிருந்து 59 முடியும்வரை. 78 வயதில் அந்தக் கட்டாயம் இல்லை என்று அவரிடம் யாராவது சொன்னார்களா? சொல்லவேண்டியது மகள் அல்லவா?

வருகிற வெள்ளி சாயங்காலம் தெரு வழியாகப் போங்கள். தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொள்ளுங்கள். “உனக்கு ஒருசந்தி கடமையில்லைம்மா, சாப்பிடு” என்று சொல்லி, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். கோயிலில் சிலுவைப்பாதை தொடங்கிவிட்டால் தொடங்கட்டும். நான்காம் நிலை தவறினாலும் பரவாயில்லை. அண்ணன் உள்ளே வந்தால் “அண்ணே” என்று கூப்பிடுங்கள். அன்றைக்கு அதற்குமேல் எதுவும் பேசவேண்டாம்.