கிழித்த தாள்

அன்புள்ள ஐயா,
நான் புதுக்குடியிருப்பு. கிளிநொச்சியில் நடந்த செஸ் போட்டியில் கறுப்புக் காய்களோடு ஆடி, ஃப்ரைட் லிவர் என்ற, குதிரையைப் பலி கொடுக்கும் தாக்குதலில் 15 நகர்வுக்குள் தோற்றுவிட்டேன். கோபத்தில் நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட்டைக் கிழித்து எறிந்தேன். இனி வெள்ளையின் இ4க்கு இ5 ஆடாமல், சி5 ஆடும் சிசிலியனுக்கு மாறலாமா? யாழ்ப்பாணத்துப் பெடியளுக்குக் கோச் இருக்கிறார். எங்களுக்கு யூரியூப்தான்.

அன்புள்ள தம்பி,

சிசிலியன் கதை பிறகு. அந்தத் தாளை ஏன் கிழித்தீர்?

டி5 கட்டத்தில் இருந்த காலாளைக் குதிரையால் வெட்டியிருப்பீர். உடனே வெள்ளைக் குதிரை எஃப்7இல் பாய்ந்து ராணியையும் கோட்டையையும் ஒன்றாகப் பிடித்திருக்கும். நீர் ராசாவால் அதை வெட்ட, ராணி எஃப்3க்கு வந்து செக் சொல்லியிருக்கும். டி5 குதிரையைக் காக்க ராசா நடுப்பலகைக்கு நடந்திருப்பார். அந்தக் காலாளை வெட்டாமல் மற்றக் குதிரையை ஏ5க்கு எடுத்து மந்திரியைத் தாக்கியிருக்க வேண்டும். ஒரு காலாள் போகும், ஆனால் ஆட்டம் உம்முடைய கைக்கு வரும். இதற்காகவா ஓப்பனிங்கையே மாற்றுவது? கோச் இல்லாத கதையையும் விடும். இதற்குக் கோச் தேவையில்லை.

ஆனால் இதெல்லாம் என் ஊகம். எங்கே பிழைத்தீர் என்று காட்டியிருக்கக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான்.

கொஞ்ச நாளாக எனக்கு இதே யோசனை. 1996இல் போரால் இடம்பெயர்ந்து வன்னியில் மல்லாவியில் இருந்தோம். பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் பொன் விலை. பெரியப்பா அட்டையில் கட்டம் கீறி, குப்பி விளக்கில் ஊர்ப் பெடியளோடு ஆடுவார். ஒவ்வொரு ஆட்டத்தையும் சீ.ஆர். எனும் தடித்த அட்டைக் கொப்பியில் எழுதுவார். எங்களிடம் தோற்றால் இன்னும் வடிவாக எழுதுவார். 2009இல், போரின் கடைசிக் காலத்தில், காணி உறுதி இருந்த பையில்தான் அந்தக் கொப்பிகளும் இருந்தன. மாத்தளன் பக்கம் போன பை திரும்பி வரவில்லை. பெரியப்பாவும் வரவில்லை. அத்தனை வருடம் ஆடியதில் ஓர் ஆட்டம்கூட இன்று எங்களிடம் இல்லை.

நீர் தோற்ற இதே வரிசையை இத்தாலியில் பொலேரியோ என்பவர் 1610 அளவில் ஆடியிருக்கிறார். யாரோ எழுதி வைத்தபடியால் நானூறு வருடம் கழித்தும் அதை ஆடிப் பார்க்கிறோம். உமக்குக் கிடைத்த தாளை ஒருவரும் பறிக்கவில்லை, எரிக்கவில்லை. நீரே கிழித்தீர். எனக்குக் கோபம் வராதா?

சரி, 15 நகர்வுதானே. இன்றிரவே நினைவிலிருந்து எழுதும். மறந்த இடத்தை உம்மை வென்ற பெடியனிடம் கேளும், அவன் தன் தாளைக் கிழித்திருக்க மாட்டான். முழுதாக எழுதி எனக்கு அனுப்பும். அப்புறம் சிசிலியனைப் பற்றிக் கதைப்போம்.