டைனோசூக்கஸை அலிகேட்டர் என்று எழுதலாமா?

கேள்வி: எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக எட்டாம் வகுப்பு மாணவர்கள் டைனோசூக்கஸ் என்ற தொல்விலங்கின் மண்டையோட்டைக் காகிதக்கூழில் செய்துவருகிறார்கள். பழைய நூல்கள் அதை ‘ராட்சத அலிகேட்டர்’ (முதலையைப் போன்ற, ஆனால் வேறு கிளையைச் சேர்ந்த விலங்கு) என்கின்றன. அண்மைச் செய்திகளோ அது அலிகேட்டர் வகையே அன்று என்கின்றன. பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது? – ஓர் ஆசிரியை

பதில்: ‘ராட்சத அலிகேட்டர்’ என்பதை விட்டுவிடுங்கள். ‘சுமார் 8.2 கோடி முதல் 7.3 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்த முதலை உறவினம்’ என்று எழுதினால், நாளை எந்த ஆய்வு நிலைபெற்றாலும் உங்கள் பலகை பிழையாகாது. 1909இல் சூட்டப்பட்ட ‘டைனோசூக்கஸ்’ என்ற பெயருக்கும் ‘பயங்கர முதலை’ என்றுதான் பொருள்.

குழப்பத்தின் வேர் ஒரு கடலில் இருக்கிறது. அக்காலத்தில் வட அமெரிக்காவை வடக்கு தெற்காக ஓடிய ஓர் உள்நாட்டுக் கடல் இரு நிலப்பகுதிகளாகப் பிளந்திருந்தது. டைனோசூக்கஸின் எலும்புகளோ மேற்குக் கரையில் டெக்சாஸ், மொன்டானா பகுதிகளிலும், கிழக்குக் கரையில் ஜார்ஜியா, அலபாமா பகுதிகளிலும் கிடைத்திருக்கின்றன. இன்றைய முதலைகளின் நாக்கில் உடலின் மிகை உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் இயங்குகின்றன. அலிகேட்டர்களுக்கு அந்த வசதி இல்லாததால் அவை கடல்நீரில் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. அப்படியிருக்க, ஓர் அலிகேட்டர் உறவினம் அந்தக் கடலின் இருபுறமும் பரவியது எப்படி என்ற கேள்வி நெடுங்காலம் உறுத்திக்கொண்டே இருந்தது. 2025இல் வெளியான ஆய்வு ஒன்று, இனங்களின் உறவைக் காட்டும் முந்தைய வம்சாவளி மரங்களில் இடம்பெறாத பல அழிந்த இனங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, முதலைகளும் அலிகேட்டர்களும் தனித்தனியே பிரிவதற்கு முன்பே கிளைத்த வரிசையில் டைனோசூக்கஸை வைத்தது. உப்புநீரைத் தாங்கும் திறன் தொன்மையானது என்றும், அலிகேட்டர் கிளையே பின்னர் அதை இழந்தது என்றும் அது கருதுகிறது. எலும்பும் வாழிடமும் ஒருசேரப் பொருந்துவதால் இம்முடிவு எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. ஆயினும் மாணவர்களிடம் இதை முடிந்த தீர்ப்பாகச் சொல்லாமல், புதிய சான்று வந்தால் மாறக்கூடிய கருத்தாகவே சொல்லுங்கள்.

உண்மையான அலிகேட்டரையும் காட்ட விரும்பினால், அருகில் இரண்டாவது பலகை வைத்துத் தாய்லாந்தின் ‘அலிகேட்டர் முனென்சிஸ்’ பற்றி எழுதலாம். நாக்கோன் ராட்சசீமா மாகாணத்தில், மூன் ஆற்றுக்கு அருகே கிடைத்த, ஏறக்குறைய முழுமையான ஒரு மண்டையோட்டைக் கொண்டு 2023இல் பெயரிடப்பட்ட இனம் அது. வயது 2,30,000 ஆண்டுகளுக்கும் குறைவு. அகன்ற, குட்டையான முகமும் உயர்ந்த மண்டையும் கொண்ட அதற்கு, இன்றுள்ள சீன அலிகேட்டரே நெருங்கிய உறவு. திபெத்திய பீடபூமியின் தென்கிழக்குப் பகுதி உயர்ந்தபோது ஆற்றுத் தொகுதிகள் பிரிந்து, பொது மூதாதையின் கூட்டம் இரண்டாகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அலிகேட்டர் என்றால் அமெரிக்கா மட்டுமே என்று எண்ணும் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

மாதிரியைப் பற்றி ஒரு வேண்டுகோள்: டைனோசூக்கஸின் பின்பற்களைக் கூராகச் செய்துவிட வேண்டாம். அவை கடினமான ஓடுகளை நொறுக்க ஏற்றவாறு குட்டையாகவும் மழுங்கியும் இருந்தன. அதன் கடித்தடம் பதிந்ததாகக் கருதப்படும் ஆமை ஓடுகளும் கிடைத்துள்ளன.