கேள்வி – பதில்: மீன்கொத்தியும் நாயுருவியும்

கேள்வி: பொறியியல் படிக்கும் என் மகள், இயற்கையைப் பார்த்துப் பொருள்களை வடிவமைக்கும் ‘பயோமிமிக்ரி’ பற்றிச் செயல்திட்டம் செய்கிறாள். எங்கு தேடினாலும் ஜப்பான் ரயிலும் மீன்கொத்தியும்தான் வருகின்றன. இயற்கையைப் பின்பற்றினாலே ஒரு பொருள் சூழலுக்குக் கேடற்றதாகிவிடுமா? எங்கள் பக்கத்தில் அவள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ரயில் கதை உண்மையே. வேகமாகச் சுரங்கத்துக்குள் நுழையும் ரயில் காற்றை அழுத்திக்கொண்டு போவதால் மறுமுனையில் வெடிச்சத்தம் எழுந்தது. பறவைகளைக் கவனிக்கும் பழக்கமுள்ள பொறியாளர் எய்ஜி நகாட்சு, மீன்கொத்தி அதிகம் தெறிக்காமல் நீரில் பாய்வதை நினைத்து, அதன் அலகைப் போல ரயிலின் முகப்பை நீட்டினார். 1997-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் சென்றது.

ஆனால் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கேடு நீங்கிவிடாது. வரப்பில் நடந்து வீடு திரும்பியதும் வேட்டிக் கரையில் வரிசையாகக் குத்தியிருக்கும் நாயுருவி விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெறிந்திருப்பீர்கள். அதுபோல் ஆடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிய பர்டாக் என்ற செடியின் காய்களில் உள்ள கொக்கிகளைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், பைகளிலும் செருப்புகளிலும் அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் பிரியும் வெல்க்ரோ பட்டையை உருவாக்கி, 1955-இல் காப்புரிமை பெற்றார். நாம் பிய்த்தெறிந்த விதை முளைக்கும், அல்லது மக்கி மண்ணாகும்; நைலான் வெல்க்ரோ பட்டையோ குப்பைமேட்டில் அப்படியே கிடக்கும். தாமரை இலையும் தன் மெழுகுப் பூச்சைச் சேற்றுக் குளத்தில், சாதாரண வெயிலில் செய்துகொள்கிறது. அதைப் போலத் தண்ணீர் ஒட்டாத பூச்சு வேண்டுமென்று நாம் பயன்படுத்திய ஃப்ளோரின் சேர்மங்கள் சில எளிதில் சிதைவதே இல்லை. ஆகவே, எதைப் பார்த்துச் செய்தார்கள் என்பதோடு, எதனால் செய்தார்கள், பயன் முடிந்தபின் அது எங்கே போகும் என்பதையும் உங்கள் மகள் எழுதட்டும்.

பார்க்க வேண்டிய இடம் என்று கேட்டால், நான் கல்லணையைச் சொல்வேன். ஓடும் காவிரியில் அசையாமல் நின்றால், குதிகாலுக்கு அடியில் மணல் அரிபட்டுக் கால் மெல்லப் புதைவதை உணரலாம். அணையைக் கட்டியவர்கள் பெரிய பாறைகளையும் அப்படியே புதையவிட்டு, அவை இறங்கி அமர்ந்தபின் மேலே அடுக்கிச் சென்றார்கள் என்பதே பொதுவான விளக்கம். அரிக்கும் ஆற்றையே அடித்தளம் போடும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் எனலாம். ஆழம் காணாத மணலில் அடித்தளமிடும் முறையை இந்த நாட்டவரிடமே கற்றோம் என்று ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதினார். கோதாவரியில் 1852-இல் முடிந்த தவளேஸ்வரம் அணைக்கட்டு அவர் கட்டியது. உயிரினத்திடம் கற்றது அன்று என்பதால் பேராசிரியர் இதைப் பயோமிமிக்ரி என ஏற்காமல் போகலாம். ஆனாலும் பார்த்துவிட்டு வரட்டும்.

கேள்வி: கரையான் புற்றைப் பார்த்து ஏசி இல்லாத கட்டடம் கட்டினார்களாமே?
– வாசகர், திருவையாறு

பதில்: ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில், மிக் பியர்ஸ் வடிவமைப்பில் 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடம் அது. வெப்பக் காற்று புகைபோக்கி வழியே எழுவதுபோல் புற்றில் காற்று ஓடுகிறது என்ற எண்ணத்தில் திட்டமிட்டார்கள். புற்று அவ்வாறு இயங்குவதில்லை என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். கட்டடம் மட்டும் நன்றாகவே குளிர்கிறது: இரவுக் குளிர்காற்றை விசிறிகள் உள்ளே இழுக்க, கனத்த கான்கிரீட் அந்தக் குளிர்ச்சியைப் பகலுக்குச் சேமித்து வைக்கிறது.