உங்கள் அப்பா கண்ட உடைந்த பாலம் மணக்குடியில் இருந்தது

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பாளையங்கோட்டையிலிருந்து நிவாரணப் பணிக்குச் சென்ற உங்கள் அப்பா, மணப்பாட்டில் கண்டதாகச் சொல்லும் உடைந்த பாலம் பெரும்பாலும் குமரி மாவட்டத்து மணக்குடிப் பாலமாகவே இருக்க வேண்டும். பழையாறு கடலில் கலக்கும் பொழிமுகத்தில், கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்து நின்ற அந்தப் பாலத்தைத்தான் அலை பெயர்த்துத் தள்ளியது.

திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாடு, திருச்சிலுவைத் திருவிழாவால் நெல்லைக்காரர்களின் நாவில் பழகிய ஊர். இத்தனை ஆண்டுகள் கழித்துச் சொல்லும்போது பழகிய பெயர் முந்திக்கொண்டிருக்கலாம்.

சரிபார்க்க, ஊர்ப் பெயர் எதையும் நீங்களாக எடுத்துக் கொடுக்காமல், வண்டி எந்த வழியாகப் போனது என்று மட்டும் கேளுங்கள். வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் என்றால் மணக்குடி. ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் என்றால் மணப்பாடு. கோயில் எங்கே இருந்தது என்றும் கேட்கலாம்: மணப்பாட்டுச் சிலுவைக் கோயில் கடலோர மணற்குன்றின் மேல் நிற்பதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

உடல்களை அடக்கம் செய்ததையும் அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் அவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிட்டு, வேறொரு நாள் தொடருங்கள்; வழியையும் கோயிலையும் பற்றிய கேள்விகளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அவர் இரண்டு ஊர்களுக்கும் போயிருக்கவும் கூடும். ஆகவே உங்கள் குறிப்பேட்டில் மணப்பாடு என்பதை அடித்துவிடாமல், அவர் சொன்னபடியே விட்டு, மணக்குடியாக இருக்கலாம் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.